நாளுக்கு ஐம்பது கிராம்

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஒருத்தி, மயக்கம் போட்டு விழாமல், வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு நாளைக்குக் குறைக்கக்கூடியது 400 கலோரி. அதுவும் கொஞ்சம் முக்கித்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளில் கரைகிற கொழுப்பு 50 கிராம் சொச்சம். ஒரு இட்லியின் கனம்.

இனி எடை மெஷினுக்கு வருவோம். காலையில் ஏறினால் ஒரு எண். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏறினால் அதைவிட ஒரு கிலோ, சில நாள் ஒன்றரைக் கிலோ கூடுதல். அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறினால் நின்ற இடத்திலேயே அரைக் கிலோ கூடிவிடும். இப்படி ஒரு கிலோ மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும் எண்ணுக்குள் 50 கிராமைத் தேடுகிறோம். எப்படிக் கிடைக்கும்? நேற்று ராத்திரி சப்பாத்தியோடு நிறுத்திக்கொண்டேனே, இன்றைக்கு ஏன் 300 கிராம் ஏறியிருக்கிறது என்று காலங்காத்தால மெஷின் மேல் நின்று மனசு உடைந்துபோகிறவர்கள் எத்தனை பேர்!

எடை குறைக்கப் பொறுமை வேண்டும் என்று சொல்லாத ஆள் கிடையாது. டாக்டர் சொல்கிறார், ஜிம் மாஸ்டர் சொல்கிறார், கூட நடக்கிற அக்கா சொல்கிறார். எனக்கு அந்த அறிவுரையைக் கேட்டாலே எரிச்சல் வரும். பொறுமை என்னவோ சிலருக்கு மட்டும் பிறவியிலேயே அமைந்த குணம் போலவும், எனக்கு அது இல்லாததால்தான் இடுப்பு இப்படி இருக்கிறது என்பது போலவும் காதில் விழும். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு என் பொறுமை ஒன்றும் கூடவில்லை. பொறுமை தேவைப்படுகிற நேரங்கள் குறைந்துவிட்டன, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. நாற்பதைத் தாண்டியாயிற்று. உயரம் 158 சென்டிமீட்டர். ஆரம்பிக்கும்போது எடை 78 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1 என்று வந்திருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு. அப்படியானால் வாசலில் நிற்கிறேன், உள்ளே போகவில்லை. தமிழ்நாட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். பத்துக்கு நாலு பேர். கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தியைப் பார்த்தாலே ஆய்வு தேவையில்லாமல் தெரியும்.

இந்தியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் பருமன். அந்தக் கணக்குப்படி என் உயரத்துக்கு நான் 57 கிலோவில் இருக்க வேண்டும். 21 கிலோ! கல்லூரியில் படிக்கும்போதுகூட நான் 57 இருந்ததாக ஞாபகமில்லை. டாக்டர் அந்த அட்டவணையைத் தள்ளி வைத்துவிட்டு, "முதல்ல ஒரு அஞ்சாறு கிலோ குறைங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். நல்ல மனுஷர். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. 2002-ல் வெளிவந்த அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் கலந்துகொண்டார்கள். வாழ்க்கைமுறை மாற்றப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சியும்தான். அதற்கே சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 78 கிலோவில் 7 சதவீதம் ஐந்தரைக் கிலோ. அஞ்சாறு கிலோ!

சரி, ஆரம்பித்தாயிற்று. இங்கேதான் முதல் வாரம் என்கிற ஏமாற்றுக்காரன் வருகிறான்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் தமிழ் ஃபேஸ்புக்கில் பேலியோ உணவுமுறை அலை அடித்தது நினைவிருக்கும். காலையில் பட்டர் டீ, மதியம் பன்னீர், சாயங்காலம் எண்ணி நூறு பாதாம். அரிசிக்கு ஒரு கும்பிடு. எங்கள் வீட்டில் தம்பி அதில் இறங்கினான். முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்தது. வீடே அசந்துபோனது. "அக்கா, மூணு மாசத்துல இருபது கிலோக்கா" என்றான். நான்காவது வாரம் முள் அசையவில்லை. ஆறாவது வாரம் பன்னீர் வாசனையே பிடிக்கவில்லை என்று பரோட்டாக் கடைக்குப் போய்விட்டான். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ திரும்பி வந்தது. "என் உடம்பு வாகுக்கா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று முடித்துக்கொண்டான்.

அவன் உடம்பு வாகில் ஒரு கோளாறும் இல்லை. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கின்றன. பெரியவர்கள் உடம்பில் ஏறக்குறைய அரைக் கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இந்தச் சேமிப்பு முதலில் காலியாகிறது, அதோடு தண்ணீரும் போகிறது. அதிலேயே ஒன்றரை, இரண்டு கிலோ. திரும்பச் சாப்பிட்டால் அதே வேகத்தில் நிரம்பும். முதல் வாரம் தம்பி கொண்டாடியதில் பெரும்பகுதி தண்ணீர். பரோட்டா வாரத்தில் அவன் அழுததிலும் பெரும்பகுதி தண்ணீர். நடுவில் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் உண்மையாகவே கொழுப்பு கரைந்துகொண்டிருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அவன் நம்பிக்கை இழந்துவிட்டான். பேலியோவை நான் குறை சொல்லவில்லை. அதில் இருந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களையும் தெரியும். ஆனால் முதல் வாரத்து எண்ணை வைத்து மூன்று மாதத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் எந்த முறையில் இருந்தாலும் நடுவழியில் இறங்கிவிடுவார்கள்.

தண்ணீர் ஆடுகிற ஆட்டம் இதோடு முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் பிரியாணி, ஊறுகாய், அப்பளம் என்று உப்பு ஏறினால் திங்கட்கிழமை ஒரு கிலோ கூடியிருக்கும். உண்மையிலேயே ஒரு கிலோ கொழுப்பு ஒரே நாளில் ஏற வேண்டுமானால் அன்றாடச் செலவுக்கு மேல் 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட பிரியாணிக்காரருக்கும் அது முடியாது. புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தவர்களுக்கு வலியெடுத்த தசைகளில் நீர் கோத்து எடை கூடும். மலச்சிக்கலும் எண்ணில் தெரியும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோவோ அதற்கு மேலேயோ ஏறிவிட்டுப் பிறகு தானாக இறங்கும். இதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே நாளில் ஆரம்பிப்பார்கள். அவருக்கு இறங்குமுகமாகவே போகும், இவளுக்கு மூன்றாவது வாரம் ஏறும். "நீ ஒளிச்சு வச்சுத் தின்னுறியா?" என்ற கேலி வேறு. பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடவே கூடாது. போன மாதம் விலக்கு முடிந்த வாரத்தையும் இந்த மாதம் விலக்கு முடிந்த வாரத்தையும் ஒப்பிட்டால்தான் நியாயம்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் எத்தனை பாக்கெட், கேஸ் என்றைக்கு வந்தது, வேலைக்கு வரும் அக்கா என்றைக்கு லீவு என்று அதில்தான் எழுதுவோம். அதே கட்டங்களில் ஓரமாக என் எடையையும் எழுத ஆரம்பித்தேன். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால், அதே டைல்ஸ் மேல் மெஷினை வைத்து. எழுதிவிட்டு அதைப் பற்றி எதுவும் நினைக்கக் கூடாது என்பது நிபந்தனை. சனிக்கிழமை ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்துச் சிவப்பு மையில் எழுதுவேன். அந்தச் சிவப்பு எண்ணுக்கு மட்டும்தான் மரியாதை. அதிலும் நான்கு சிவப்பு எண்கள் தொடர்ந்து அசையாமல் இருந்தால் மட்டுமே சாப்பாட்டில் ஏதாவது மாற்றுவேன். ஒரு வாரம் நின்றுவிட்டது என்று பதறி ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிற வேலையெல்லாம் கிடையாது.

சிலருக்குத் தினமும் எடை பார்ப்பதே மனசைப் போட்டு வாட்டும். அப்படிப்பட்டவர்கள் பார்க்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை இஞ்ச் டேப்பை எடுத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றி அளந்துகொண்டால் போதும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பதுதான் எல்லைக்கோடு. சொல்லப்போனால் நமக்கு எடையைவிட வயிறுதான் முக்கியம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் மருத்துவ இதழில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2. அதே எடை-உயரக் கணக்கு, உள்ளே இருப்பது வேறு. ஒல்லியாக இருக்கிற நம் ஊர்க்காரருக்கு நாற்பது வயதில் சர்க்கரை வருவது இதனால்தான்.

எனக்கு இஞ்ச் டேப்பைவிட நம்பகமான அளவு ஒன்று உண்டு. ரவிக்கைத் தையல். தைக்கும்போதே டெய்லர்கள் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று வரிசை தைத்துவிடுவார்கள், உடம்பு போட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ள. ஒரு கட்டத்தில் எங்கள் தெரு டெய்லர், "உள்ள இனிப் பிரிக்கத் தையல் இல்லீங்க்கா" என்று சொல்லிவிட்டார். பிறகு எடை 73-ல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த சமயம், அதே ரவிக்கைகளை எடுத்துப் போனேன். தோள் வழிகிறது, ஒரு தையல் பிடிக்க வேண்டும் என்று. மெஷினில் அசைவே இல்லாத காலத்தில் கை சுற்றளவு குறைந்திருந்தது. அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "நவராத்திரிக்கு முன்னாடி தந்துடறேங்க்கா" என்றார்.

ஊர் என்ன சொல்கிறது என்பது தனிக் கதை. உடம்பு இளைத்தால் நம் ஊரில் முதலில் வருகிற கேள்வி, "என்ன கண்ணு, இப்படி வத்திப்போயிட்ட? சுகர் கிகர் வந்திருச்சா?" கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால்தான் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கன்னம் ஒட்டினால் வீட்டில் ஏதோ பிரச்சினை. ஒரு கல்யாணத்தில் தூரத்து அத்தை ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். என் மாமியாரோ வேறு ரகம். தட்டில் சோறு குறைந்தால் அவருக்குத் தாங்காது. "ஒரு கரண்டி சோத்துல என்ன கண்ணு ஆயிரப் போகுது?" என்று போட்டுவிடுவார். அவரிடம் கலோரி பேசிப் பயனில்லை. பேசவும் கூடாது, வயசானவர். அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். கொள்ளுப் பருப்பு இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று நானே கேட்க ஆரம்பித்தேன். கொங்கு நாட்டு மாமியாரிடம் கொள்ளுப் பருப்பு கேட்டால் முகம் மலர்ந்துவிடும். "கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க" என்பார். கொள்ளு கொழுப்பை உருக்கிவிடும் என்பதெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அதில் நூறு கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது. தட்டில் பருப்பும் பொரியலும் கூடினால் சோறு தானாகக் குறைகிறது. நாலு மணிக்குப் பசிக்காது. நாலு மணிதான் கோயம்புத்தூரில் ஆபத்தான நேரம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே தெருவுக்கு ஒரு பேக்கரி. டீக்கடை என்றாலே பேக்கரிதான். ஒரு டீ குடிக்க நின்றால் கண்ணாடிக்குள் பப்ஸும் தேங்காய் பன்னும் பார்த்துக்கொண்டிருக்கும். இருட்டினால் தள்ளுவண்டிக் காளான் வேறு. பேர்தான் காளான், பாதிக்கு மேல் முட்டைக்கோஸை மாவில் பிரட்டிப் பொரித்து மசாலாவில் கிண்டுவது. அதன் ருசியைப் பற்றி நான் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் ரேஸ் கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டரைக் கிலோமீட்டர். என் எடைக்கு அதில் செலவாவது 130 கலோரி போல. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பது 120 கலோரி. அந்தக் காளான் தட்டில் எத்தனை மேசைக்கரண்டி எண்ணெய் என்று வண்டிக்காரருக்கே தெரியாது.

ரேஸ் கோர்ஸில் காலையில் நடக்கிறவர்களில் பல வருடங்களாக நான் பார்க்கும் முகங்கள் உண்டு. அதே வேகம், அதே அரட்டை, அதே தொப்பை. முடித்துவிட்டு அருகம்புல் சாறு, சூப், பிறகு ஒரு நெய் ரோஸ்ட். இவர்களைப் பார்த்து முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது இல்லை. நடை மட்டும் எடையைப் பெரிதாகக் குறைக்காது என்பது உண்மைதான். குறைத்ததைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்து வைப்பதில் அதன் பங்கு பெரியது. அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, அதை ஒரு வருடமாவது ஏறாமல் வைத்திருப்பவர்கள் அதில் சேரலாம். சேர்ந்தவர்களில் 90 சதவீதம் பேர் சராசரியாகத் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். எப்படிக் குறைத்தார்கள் என்றால் ஆளுக்கு ஒரு வழி. எப்படிக் காத்தார்கள் என்று பார்த்தால்தான் வழிகள் ஒன்றுபோல் தெரிகின்றன. அதில் எனக்குத் தெம்பு கொடுத்த செய்தி, இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை பிடித்துவிட்டவர்களுக்கு அதற்குப் பிறகும் பிடித்து வைக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்பது.

இப்போது, எல்லோரும் கைவிடுகிற இடத்துக்கு வருவோம். முதல் வருடம் எனக்கு ஆறு கிலோ குறைந்தது. அடுத்த வருடம் மூன்று கூட இல்லை. சாப்பாடு அதே, நடை அதே. ஏன்?

1958-ல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று எழுதினார். கிலோவுக்கு 7,700 என்பது அதே கணக்குதான். நான் ஆரம்பத்தில் போட்டதும் அதை வைத்துத்தான். ஒரு நாளுக்கு, சில வாரங்களுக்கு அது சரி. வருடக்கணக்குக்கு இழுத்தால் கோட்டை விட்டுவிடும். ஏனென்றால் எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. 78 கிலோவைச் சுமந்து படியேறுவதற்கும் 70 கிலோவைச் சுமந்து ஏறுவதற்கும் ஒரே அளவு எரிபொருள் செலவாகாது அல்லவா? சாப்பாடு அதே இருக்க, செலவு இறங்கி வந்துகொண்டே இருக்கும். பற்றாக்குறை மெல்லச் சுருங்கும்.

இதைக் கணக்கில் சேர்த்து அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-ல் லான்செட்டில் புதிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். எளிமையாகச் சொன்னால், தினசரிச் சாப்பாட்டில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஏறக்குறைய ஒரு வருடம். 95 சதவீதம் குறைய மூன்று வருடம்.

மூன்று வருடம்! இந்த வரியைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. தினமும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சமமான 240 கலோரியைக் குறைப்பவர் பழைய விதிப்படி ஒரே வருடத்தில் 11 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். ஹால் கணக்குப்படி முதல் வருடம் ஐந்து கிலோ, மீதி ஐந்து அடுத்த இரண்டு வருடங்களில். பழைய விதியை நம்பியவர் வருடக் கடைசியில் மெஷினைப் பார்த்து, பாதிகூட வரவில்லையே, எங்கோ தப்பு என்று விட்டுவிடுவார். எதுவும் தப்பில்லை, எல்லாம் நேரத்துக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. என் விஷயத்தில், தினம் 400 குறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது நிஜத்தில் 300-க்குள்தான் இருந்திருக்கும் என்பதும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டதில் தெரிந்தது. தான் சாப்பிடுவதைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசையை யாராவது கணக்கில் சேர்ப்போமா?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு போட்டி. முப்பது வாரத்தில் யார் அதிகம் இளைக்கிறார்கள் என்று. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட, உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி தினமும் 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே நின்றுவிட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகும்! மெதுவாகக் குறைத்தால் இப்படி ஆகவே ஆகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி, கூடவே பயிற்சியாளர்கள் என்று இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், மூன்று மாதத்தில் இருபது கிலோ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

இப்போது எடை குறைக்க ஊசி வந்துவிட்டதே என்று கேட்பார்கள். 2025-ல் மவுன்ஜாரோவும் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தன. வாரத்துக்கு ஒரு ஊசி. டாக்டர் பரிந்துரைத்துப் போட்டுக்கொள்பவர்களை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. உடல் பருமன் ஒரு நோய், நோய்க்கு மருந்து இருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அங்கேயும் அவசரத்துக்கு இடமில்லை. வீகோவியில் உள்ள செமாக்ளூடைடு மருந்தின் முக்கியமான ஆய்வில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. அதற்கு 68 வாரம் ஆயிற்று. முழு அளவு மருந்துக்கு வந்து சேரவே நான்கு மாதம் படிப்படியாக ஏற்ற வேண்டும். நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. இன்றைக்கு இருப்பதிலேயே வலுவான மருந்துகளில் ஒன்றுக்கே ஒன்றேகால் வருடம் தேவைப்படுகிறது என்றால், நம் கொள்ளுப் பருப்புக்கு மூன்று வருடம் கொடுக்கலாம்.

விடாப்பிடி என்று சொல்கிறார்களே, அதைப் பற்றியும் கொஞ்சம். ஒரு நாள்கூட விடாமல் செய்தால்தான் விடாப்பிடி என்று நினைக்கிறவர்கள், ஒரு நாள் விட்டதும் மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். வைரல் காய்ச்சல் வரும், மகளுக்குப் பரீட்சை வரும், ஊரில் சீர் வரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிய பழக்கம் ஒன்று யோசிக்காமலே செய்கிற அளவுக்குப் படிய எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். நடுவாந்திரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்ற மேடைப் பேச்சை மறந்துவிடலாம். நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. என்னைக் கேட்டால், கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து மறுநாள் அதே தட்டில் அதே அளவு சோறு போட்டுக்கொள்வது விடாப்பிடி. மறுநாள் பட்டினி கிடப்பது பழிவாங்கல். அது சாயங்காலம் பேக்கரியில் போய்த்தான் முடியும்.

எண் அசையாத மாதங்களில் வீணாக எதுவும் போவதில்லை என்பதற்கு நம் ஊர் ஆதாரமே இருக்கிறது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர், சுமார் மூன்று வருடம். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. மெஷினை மட்டும் பார்த்திருந்தால் அத்தனை பேரும் தோற்றதாகத்தான் எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

என் எடை இப்போது 69-க்கும் 70-க்கும் நடுவில் சில மாதங்களாக நிற்கிறது. ஹெச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 5.6. டாக்டர், "போதும்மா, இதைப் பிடிச்சு வச்சுக்கங்க, குறைஞ்சா லாபம்" என்றார். 57 என்ற எண்ணை இருவருமே பேசவில்லை. என் திட்டம், இரண்டு கிலோ எடையுள்ள டம்பெல் ஜோடி ஒன்று வாங்கி வாரத்துக்கு இரண்டு நாள் தூக்குவது. நாற்பதுக்கு மேல் தசை கரைவதைத் தடுக்காமல் எடையை மட்டும் குறைப்பது சரியில்லை என்று அவரே சொன்னார். மகள் யூடியூபில் ஏதோ ஒரு வீடியோவைத் தேடி வைத்திருக்கிறாள், அதில் இருக்கும் பெண் பேசுகிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குகிறது.

அதற்குள் தீபாவளி வந்துவிடும். மாமியார் அதிரசத்துக்குப் பச்சரிசி ஊற வைக்கிற அன்றைக்கு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். அதிரசம் சாப்பிடுவேன், முறுக்கும் சாப்பிடுவேன். யார் வீட்டிலிருந்து தட்டு வந்தாலும் ஒன்று எடுத்துக்கொண்டு மீதியை ஆபீசுக்குக் கொண்டுபோய்விடுவேன்; ஆபீசில் வைத்த எதுவும் பதினொரு மணியைத் தாண்டியதில்லை. பண்டிகை முடிந்து ஒரு வாரம் காலண்டர் கட்டங்கள் காலியாகவே இருக்கும். அடுத்த சனிக்கிழமைதான் சிவப்பு மை. எப்படியும் ஒரு கிலோ கூடத்தான் காட்டும், அதில் கால்வாசிதான் நிஜம்.